பிகோனியாவுக்குப் போர்த்திய சால்வை

ஜனவரி 1

இந்த டைரியை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. மேஜை மேல் கிடந்தது. காந்தல் முக்கில் உள்ள உரக்கடையில் வருடா வருடம் என் வீட்டுக்காரர் நஞ்சுண்டனுக்கு ஒன்று தருவார்கள். அவர் அதை என் கையில் கொடுத்து, "இந்தா அம்முணி" என்பார். நான் அதில் சமையல் குறிப்பு எழுதுவேன். இந்த வருடம் மேஜை மேல் வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "யாருக்காச்சும் வேணும்னா எடுத்துக்கலாமுங்" என்றார். கடிகாரத்துக்கு எழுதத் தெரியாது. அதனால் நான் எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலையிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. விஷயம் சின்னது. முந்தாநாள் உறைபனி விழும் என்று செய்தியில் சொன்னார்கள். ஊட்டிக்கு இது புதிதல்ல, அதிலும் எங்கள் காந்தல் பள்ளத்துக்கு. இவர் ஓர் ஓட்டல் தோட்டத்தில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைச் சுற்றி முந்நூறு தொட்டி வைத்திருக்கிறார். மே மாதம் நடக்கும் வீட்டுத் தோட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்காமல் கண்ணை மூட மாட்டாராம். இரண்டாம் பரிசு மூன்று தடவை வாங்கிவிட்டார். அந்தக் கோப்பைகளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார். பனிக்குப் பயந்து நாற்றுகளுக்கு மிலார்ச் செடியின் தழையை ஒடித்துப் போர்த்தினார், சாக்குப் போர்த்தினார். நேற்று விடிந்ததும் நான் கதவைத் திறந்தால், பிகோனியாத் தொட்டிகள் மேல் என் சால்வை. என் கம்பளிச் சால்வை. அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது.

"என்ற சால்வையை எதுக்குங்க எடுத்தீங்க?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். நாலு வீட்டுக்குக் கேட்டது என்றால் அது அவர்கள் காதின் கூர்மை.

"பழைய துணிதானே அம்முணி" என்றார்.

அவ்வளவுதான். சால்வையை இழுத்துக் கொட்டகை மூலையில் எறிந்தேன். அத்தோடு பேச்சு நின்றது.

ஆகவே இந்த வருடத் தீர்மானங்கள் மூன்று. நானாக முதலில் பேசுவதில்லை. காப்பிக்குச் சர்க்கரை அரைக் கரண்டி. தினமும் டைரி. இதில் ஒன்றை மட்டும் உயிரே போனாலும் விடுவதாக இல்லை. சர்க்கரையைச் சொல்லவில்லை.

டைரியின் கடைசிப் பக்கங்களில் உர அளவு, மருந்து அளவு என்று ஏதேதோ அட்டவணை. ஒவ்வொரு பக்கத்து அடியிலும் ஒரு விவசாய யோசனை வேறு. இன்றைய யோசனை: 'பனிக்காலத்தில் இளம் நாற்றுகளைக் கனமான துணியால் மூடிப் பாதுகாக்கவும்.' உரக்கடைக்காரர்களும் அவர் கட்சிதான்.

ஜனவரி 2

பேசவில்லை. உப்புமா.

ஜனவரி 3

பேசவில்லை. மறுபடியும் உப்புமா. அவருக்கு உப்புமா ஆகாது. எனக்கும் ஆகாது. ஆனால் அது அவருக்குத் தெரியாது.

ஜனவரி 4

ஒரே ஒரு கணப்புச் சட்டி இருக்கிற வீட்டில் கோபித்துக்கொண்டு இருப்பது லேசான காரியமில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே விரல் நுனி மரத்துப் போகிறது. வாசற்கதவைத் திறந்து வைத்து, நடுவில் கரிநெருப்பு, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் கையை நீட்டினால் நான் என் கையை மடக்கிக்கொள்கிறேன். நெருப்பு இரண்டு பேருக்கும் பொதுவாக எரிகிறது. அதற்கு ரோஷமே கிடையாது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா வந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் டீச்சர். ஒரு பார்வையில் பிடித்துவிட்டார்.

"என்ன அம்சவேணி, ரெண்டு பேரும் பஸ்ஸைத் தவற விட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"பொங்கலுக்கு நித்திலா வர்றாளாம். தெரிய வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்கக்கா" என்றேன். நித்திலா எங்கள் ஒரே மகள், ஓசூரில் வேலை.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க பொண்ணு வர்றாளாம். அதுக்குள்ள நீங்க திருந்திடணுமாம்."

"ரெண்டாவதை நான் சொல்லவே இல்லையே!"

"தூது போறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?" என்று அக்கா நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக் கணப்பையும் எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 5

உப்புமா. தட்டைப் பார்த்ததும் அவர் என்னவோ தனக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு என் தட்டையும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். காரணம் புரியவில்லை.

ஜனவரி 6

காரணம் புரிந்துவிட்டது.

அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்த டைரியை எடுத்துத் திறந்தால், ஜனவரி 3-ஆம் பக்கத்து மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை. செம்மண்ணும் எருவும் கலந்த ரேகை. போலீஸ் நாயெல்லாம் வேண்டாம். குளித்துவிட்டு வந்த பிறகும் எரு ஒட்டியிருக்கிற கட்டைவிரல் இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

முதலில் பற்றிக்கொண்டு வந்தது. டைரியை அடுப்பில் போடலாமா என்று நினைத்தேன். அப்புறம் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் வேறு யோசனை வந்துவிட்டது. டைரியை அதே இடத்தில், அதே கோணத்தில் வைக்கப் போகிறேன்.

(இந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து என் ரவிக்கை அலமாரியில் வைத்திருக்கிறேன். பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.)

ஜனவரி 7

கேரட் அல்வா சாப்பிட வேண்டும் போல் இருக்கிறது. ஆனால் ஒரு கிலோ கேரட்டைத் துருவ என் தோள்பட்டை இடம் தராது. வயதாகிறது. யாரிடம் சொல்வது.

ஜனவரி 8

காலையில் சமையலறை மேடையில் ஒரு குண்டான் நிறையத் துருவிய கேரட். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த துருவி. அவருடைய இரண்டு விரலில் பிளாஸ்திரி.

"இந்த வருசம் கேரட்டு நல்லா வெளஞ்சிருக்குது" என்று கடிகாரத்திடம் சொன்னார்.

அல்வா கிண்டினேன். சர்க்கரைத் தீர்மானம் எட்டாம் நாளே செத்தது, ஆத்மா சாந்தி அடையட்டும். கடிகாரத்துக்கு என்று ஒரு கிண்ணம் எடுத்து மேஜையில் வைத்தேன். கடிகாரம் இரண்டு தடவை வழித்துச் சாப்பிட்டது.

ஜனவரி 9

குளியலறைக் குழாய் சொட்டுகிற சத்தத்தில் தூக்கமே வருவதில்லை. பொங்கலுக்கு வேண்டிய பெரிய பாத்திரம் பரண் மேல் இருக்கிறது, அதை யார் இறக்குவது. பாதம் இரண்டும் ஐஸ் கட்டி. சரி, எல்லாம் விதி.

ஜனவரி 10

குழாய் சொட்டவில்லை. பாத்திரம் தரையில் இருக்கிறது, புளி போட்டுத் தேய்த்து. நேற்றுப் படுக்கப் போனால் என் கால்மாட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டில், அவருடைய மப்ளரில் சுற்றி வைத்திருந்தது. முப்பத்து மூன்று வருடமாக வாயால் சொல்லி நடக்காததெல்லாம் மூன்று வரியில் நடக்கிறது. இவ்வளவு காலம் நான் தப்பான வழியில் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன். (இதையும் படிப்பார். படிக்கட்டும்.)

விடிந்து பார்த்தபோது பாட்டில் ஆறிக் கிடந்தது. என் பாதம் அவர் பாதத்தின் மேல் இருந்தது. பாதம் பட்டால் அது பேச்சு ஆகாது.

டிசம்பர் 18 (உண்மையில் ஜனவரி 10, சாயங்காலம்)

இதை இங்கே எழுதுகிறேன். ஜனவரியைத் தாண்டி அவர் புரட்ட மாட்டார். எந்தப் புத்தகத்தையும் பத்துப் பக்கத்துக்கு மேல் படித்த ஆள் இல்லை.

அல்வாவைக் கேட்டு வாங்கலாம், வெந்நீரைக் கேட்டு வாங்கலாம். ஒன்றை மட்டும் கேட்டு வாங்க முடியாது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

கல்யாணமாகி வந்த முதல் டிசம்பர். நான் உடுமலையில் பிறந்தவள். குளிர் என்றால் மார்கழியில் வாசல் தெளிக்கும்போது கை கொஞ்சம் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தவள். இங்கே வந்தால் ஒரே அறை, ஒரே போர்வை, ஜன்னலில் ஒரு கண்ணாடி கிடையாது. மூன்றாம் நாள் உட்கார்ந்து அழுதேன். ஊருக்கே போகிறேன் என்றேன். அவர் எழுந்து வெளியே போனார். பஸ் டிக்கெட்டுக்குத்தான் போகிறார் என்று பெட்டியைக் கட்டி வைத்தேன். மார்க்கெட் பக்கம் கம்பளி விற்கிற திபெத்தியர் கடையில் இருந்து இந்தக் காப்பி நிறச் சால்வையோடு வந்தார். "இதைப் போத்திக்க அம்முணி. அப்பவும் குளுந்தா நாளைக்கு நானே பஸ் ஏத்தி உடறேன்" என்றார். குளிரவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஒரு சால்வைக்குள் இரண்டு பேர் இருந்தால் எப்படிக் குளிரும். (இந்த வரியை எழுதியிருக்க வேண்டாம். டிசம்பர்தானே, போகட்டும்.)

அதைத்தான் 'பழைய துணி' என்கிறார். மறந்துவிட்டார். நான் எடுத்துச் சொன்னால் "ஆமாமா" என்பார். அந்த ஆமாமாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவராக நினைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அந்த டிசம்பரைத் தெரிந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று ஆகிவிடும். எனக்கு அது பயமாக இருக்கிறது.

ஜனவரி 11

இன்று அவர் நடவடிக்கை சரியில்லை. கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து இரண்டு தடவை வாயைத் திறந்தார். மூன்றாம் தடவை திறந்தபோது, வந்துவிட்டது என்று கரண்டியைக் கீழே வைத்தேன். கொட்டாவி விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஜனவரி 12

கொட்டகைப் பக்கம் போனேன். சால்வையை எடுக்க அல்ல. எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க. மூலையில் சால்வை இல்லை. சாக்குக் கட்டுக்கு அடியில் இல்லை, உர மூட்டைக்குப் பின்னால் இல்லை, மண்வெட்டிப் பெட்டியில் இல்லை. எலி அவ்வளவு பெரிய சால்வையை முழுசாகத் தூக்கிக்கொண்டு போகாது.

குக்கரைத் துடைத்துக்கொண்டே குக்கரிடம், "கொட்டகையில இருந்த சாமானத்தை யாரோ எடுத்திருக்காங்க" என்றேன்.

அவர் கடிகாரத்திடம், "போகி வருதில்ல? பழசையெல்லாம் சேத்து வெச்சிருக்குது" என்றார்.

எனக்குக் கவலை எதுவும் இல்லை. எரிக்கிறவர் எரித்துக்கொள்ளட்டும். மத்தியானம் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அது வேறு விஷயம்.

ஜனவரி 13

நித்திலா வந்துவிட்டாள். பையை வைத்த ஐந்தாவது நிமிடம், "ஏம்மா, அப்பா எதுக்குக் கடிகாரத்துகிட்டப் பேசறாரு?" என்றாள்.

"அவங்க ரெண்டு பேரும் பழைய சினேகம்."

"சண்டையா?"

"சேச்சே."

"அப்ப அப்பாவைக் காப்பி குடிக்கக் கூப்பிடுங்க பாக்கலாம்."

யோசித்தேன். குக்கரை அடுப்பில் ஏற்றி ஒரு விசில் விட்டேன். அவர் தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்து காப்பியைக் குடித்தார். நித்திலா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாசலில் நாளைக்கு எரிக்க வேண்டியதெல்லாம் குவிந்து கிடக்கிறது. உடைந்த முறம், பழைய பாய், கூடை. இரண்டு தடவை போய்க் கிளறிப் பார்த்தேன். சால்வை அதில் இல்லை. கடைசியில் கொண்டுவந்து போடுவார் போலிருக்கிறது.

ஜனவரி 14, போகி

விடியற்காலை ஆறு மணி. புல்லெல்லாம் வெள்ளை. வாசலில் நெருப்பு எரிகிற சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். பனிமூட்டத்துக்குள் அவர் கொட்டகையிலிருந்து வருகிறார். கையில் சுருட்டிய மூட்டை. காப்பி நிறம்.

செருப்புப் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. போடவில்லையாம், நித்திலா சொல்கிறாள். வாசலுக்கு ஓடினேன்.

"ஏனுங்க! போடாதீங்க! அதை நெருப்புல போட்டுறாதீங்க! அது என்ற சால்வைங்க!"

அவர் நின்றார். மூட்டையை மெதுவாக உதறிக் காட்டினார். மூன்று ஓட்டைச் சாக்கு.

"சாக்கு அம்முணி" என்றார்.

பதினாலு நாள் கழித்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, சாக்கு. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிலோமினா அக்காவின் தலை எழுந்தது. "அம்சவேணி பேசிட்டா! நான் தை மாசம் தாண்டும்னுல்ல நெனச்சேன்!"

"வெறுங்காலோட பனியில நிக்காத. உள்ள போ" என்றார் அவர். குரலைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டார், முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

என் கண்ணில் புகை பட்டுவிட்டது. புகை எதிர்ப்பக்கம் அடித்ததாம். நித்திலாவுக்கு என்ன தெரியும்.

அக்கா உள்ளே போய் ஒரு மடிப்பைக் கொண்டுவந்து சுவர் மேல் வைத்தார். என் சால்வை. துவைத்து, காய்ந்து, இஸ்திரி போட்டு. ஓரம் கிழிந்த இடமெல்லாம் தைத்திருந்தது. தையல் நூல் பச்சை. கொடி கட்டுகிற பச்சைக் கயிற்றைப் பிரித்து, சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் போட்ட தையல். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம்.

"துவைச்சது நான். தையல் உன் வீட்டுக்காரரு. நானே தைச்சுத் தரேன்னு கெஞ்சினேன், விடலையே மனுஷன்."

"எப்பக்கா குடுத்தாரு?"

"ஒண்ணாந்தேதி. இந்தக் குளிர்ல கம்பளி காயணுமில்ல, அதுக்கே பத்து நாளாச்சு."

ஒன்றாம் தேதி. அதாவது டைரியை மேஜை மேல் வைத்த அன்றைக்கே. அந்த மனுஷன் இத்தனை நாளும் நெஞ்சில் இதை வைத்துக்கொண்டு கடிகாரத்தோடு பேசிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, ஆனால் அது எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் சுற்றுகிறது.

எப்படியும் தோற்றவள் நான்தான். முதலில் பேசியது நான்தான்.

ஜனவரி 15, பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. நித்திலா சாப்பிட்டுத் தூங்குகிறாள். தோல்வியைப் பற்றி யார் கண்ணிலும் படாமல் நாலு வரி எழுதலாம் என்று டிசம்பரைத் திறந்தேன்.

டிசம்பர் 18-இன் மூலையில் கட்டைவிரல் ரேகை. அடுத்த பக்கத்தில், செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுகிற அதே கட்டை எழுத்தில், இது:

'ஜனவரி 11, காலைல. அம்முணி, உரக்கடை டைரியை நான் பின்னால இருந்துதான் பொரட்டுவேன். மருந்து அளவு அங்கதான் இருக்குது. பழைய துணின்னு சொன்னது தப்பு. நீ கத்துனதுல வாய்ல வந்துருச்சு. அன்னிக்கிச் சாக்கு பத்தல. பிகோனியா போனா எனக்கு இந்த வருசமே போச்சு. ஊட்டுல எது ரொம்பச் சூடுன்னு யோசிச்சேன். ஸ்வெட்டர் இருந்துச்சு, ரெண்டு போர்வை இருந்துச்சு. ஆனா பஸ் ஏற இருந்தவளையே நிறுத்தி வெச்சது இது ஒண்ணுதான். அதான் எடுத்தேன். சாக்குப் போட்டதுல பதினோரு நாத்து கருகிருச்சு. சால்வைக்கு அடியில ஒண்ணு சாகல.

இன்னொண்ணு. அது காப்பிக் கலரு இல்ல. வாங்கறப்பச் செகப்பு. உன்ற நிறத்துக்குச் செகப்பு எடுப்பா இருக்கும்னு கடையில நின்னு பொறுக்கி எடுத்தது. தொவைச்சுத் தொவைச்சு நீதான் காப்பி ஆக்கிப்புட்ட.

மறக்கலை அம்முணி.'

நாலு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை படிக்கும்போதுதான் தேதி கண்ணில் பட்டது. எழுந்து தோட்டத்துக்குப் போனேன், டைரியோடு.

"பதினொண்ணாந்தேதியே நீங்க சொல்லிட்டீங்க. நான் பேசினது பதினாலாந்தேதி. அப்ப யாருங்க முதல்ல?"

அவர் தொட்டியிலிருந்து நிமிரவே இல்லை. "எழுத்து பேச்சாகாது அம்முணி. பாதம் பட்டாப் பேச்சாகாதுன்னு எழுதி வெச்சது யாரு?"

"சால்வை காப்பி நிறந்தான்."

"செகப்பு."

"வாங்கின நாள்ல இருந்து போத்திக்கறவ நானு. எனக்குத் தெரியாதா?"

"வாங்குனவன் நானு."

பிலோமினா அக்கா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "கர்த்தாவே, மறுபடியுமா?" என்றார்.

ஜனவரி 16

காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறோம். காப்பியா சிவப்பா என்று. இட்லி, தேங்காய்ச் சட்னி. நித்திலா ஓசூருக்குக் கிளம்பும்போது, "நீங்க பேசாம இருந்தப்ப வீடு அமைதியா இருந்துச்சு" என்றாள். சாயங்காலம் கணப்புக்கு முன்னால் நாற்காலி இரண்டும் ஒரே பக்கம். அப்படிப் போட்டால் புகை வராது என்பதால்தான்.

பழைய தீர்மானங்கள் மூன்றில் டைரி மட்டும் பாக்கி. புதிதாக ஒன்று சேர்க்கிறேன். இந்த வருடம் அவர் முதல் பரிசு வாங்க வேண்டும். மே மாதத்துக்குள் அடுத்த பனி வந்தால் இரண்டு பிகோனியா வரிசைக்கும் சால்வை எட்டுமா என்று இன்று மடித்து அளந்து பார்த்தேன். எட்டும்.

ஆகஸ்ட் 22 (உண்மையில் ஜனவரி 17)

அவர் உரக்கடைக்குப் போயிருக்கிறார். ஓரத்தில் அந்தப் பச்சைக் கயிற்றுத் தையலில் இரண்டைப் பிரித்து, அடியில் இருந்த பழைய ஓர மடிப்பை விரித்துப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருடமாக வெயிலும் சோப்பும் படாத இடம், ஒரு விரல் அகலம்.

சிவப்புதான். குங்குமச் சிவப்பு. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு என் மேல் இருந்தது இந்தச் சிவப்பு. நான்தான் மறந்துவிட்டேன்.

தையலை அதே பச்சைக் கயிற்றால், அதே ஓட்டையில் போட்டுவிட்டேன். வாயால் இதை ஒப்புக்கொள்வதாக இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன். முன்னாலிருந்து புரட்டினாலும் பின்னாலிருந்து புரட்டினாலும் ஆகஸ்டுக்கு வர நாளாகும். தேடிக்கொண்டு வரட்டும்.

அதுவரைக்கும் அது காப்பி நிறம்தான்.